பில்லில் எழுதக்கூடியதைப் போடுவோம்: குமரி மாவட்டக் கம்ப்யூட்டர் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

நாகர்கோவில் முதல் களியக்காவிளை வரை கம்ப்யூட்டர் சர்வீஸ், டிடிபி, பிரவுசிங் சென்டர் நடத்தும் அண்ணாச்சிமார்களுக்கும் தம்பி தங்கைகளுக்கும்,

வணக்கம். தக்கலையில் இருபது வருஷமாக ஸ்க்ரூ டிரைவரும் கையுமாக இருக்கும் ஒருவன் எழுதுகிறேன். உங்களில் சிலருக்கு என்னைத் தெரியும். நீங்கள் போட்டுக் கொடுத்த கம்ப்யூட்டர்களை எனக்கு அதைவிட நன்றாகத் தெரியும். உங்கள் கடையில் சரியாகாதது என் கடைக்கு வரும். என் கடையில் சரியாகாதது உங்களிடம் வரும். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன், திருட்டுப் படிகளை விட்டுவிட்டுக் கட்டற்ற மென்பொருளுக்கு மாறுவோம் என்று கேட்க.

போன மாதம் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் லேப்டாப்பை எடுக்க வந்தார். ‘ஓஎஸ், சாஃப்ட்வேர் – 700’ என்று பில் கொடுத்தேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார். “சாஃப்ட்வேர்னா என்னெல்லாம் போட்டிய? பலசரக்குக் கடையில கூட சீரகம் நூறு கிராம், மிளகு ஐம்பதுன்னு தனித்தனியா எழுதித் தருகான். நீங்க மொத்தமா ஒரு வரியில முடிச்சிருக்கிய” என்றார். சரி, எழுதிக் கொடுப்போம் என்று பேனாவை எடுத்தேன். விண்டோஸ், ஆபீஸ், போட்டோஷாப், வின்ரார். எல்லாம் உரிமம் வாங்காத படிகள், ஒன்றையும் எழுதக் கை வரவில்லை. எழுதியிருந்தால் அந்தத் தாள் ஒப்புதல் வாக்குமூலம் ஆகியிருக்கும். “அது பொதுவா எல்லாருக்கும் போடுகதுதான் சார்” என்று சொல்லி அனுப்பிவைத்தேன். அவர் நம்பிவிட்டார். அதுதான் உறுத்துகிறது.

இந்த மாவட்டத்தில் ஒரு வீட்டுக் கம்ப்யூட்டரில் என்ன இருக்க வேண்டும் என்று யார் முடிவு செய்கிறார்கள்? வாங்கியவர் “எல்லாம் போட்டுக் குடுங்க” என்பார். அந்த ‘எல்லாம்’ என்பது நம் சட்டைப் பையில் கிடக்கும் பென்டிரைவில் இருப்பதுதான். அருமனையில் ரப்பர் பால் கணக்கு எழுதுகிறவரும், குளச்சலில் வலைக்கடை வைத்திருப்பவரும், பிள்ளைக்கு பிராஜெக்ட் அடித்துக் கொடுக்கும் தாயும் எதில் தட்டச்சு செய்ய வேண்டும் என்பதை நாம்தான் தீர்மானித்துக்கொண்டிருக்கிறோம், அவர்களைக் கேட்காமலே.

நான் ஒன்றும் யோக்கியன் என்று சொல்ல வரவில்லை. 2019 ஆவணியில் கருங்கல் பக்கத்து ஸ்டுடியோக்காரர் ஒருவருக்கு கம்ப்யூட்டர் போட்டுக் கொடுத்தேன். வழக்கம்போல ஆன்டிவைரஸை அணைத்தேன், உரிமம் இருப்பதாக விண்டோஸை நம்பவைக்கும் ஆக்டிவேட்டரை ஓட்டினேன். நாம் செய்யும் வேலையிலேயே விசித்திரமானது இதுதான்: காவல்காரனை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, கள்ளனைக் கதவைத் திறந்து உள்ளே கூப்பிடுகிறோம். நாலாம் நாள் அவர் போன் செய்தார். எல்லாப் படங்களின் பெயருக்குப் பின்னாலும் புரியாத நான்கெழுத்து வால். ஒவ்வொரு ஃபோல்டரிலும் ஒரு கடிதம்: 980 டாலர் கொடு, 72 மணி நேரத்துக்குள் என்றால் பாதி. உரிமப் பூட்டை உடைக்கும் கிராக், போலிக் கீ தயாரிக்கும் கீஜென் வழியாகவே பெரும்பாலும் பரவிய ரேன்சம்வேர் அது, கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வகை. அந்த ஆவணி முகூர்த்தத்தில் அவர் எடுத்த நான்கு கல்யாணங்கள் உள்ளே இருந்தன.

கேமராவின் மெமரி கார்டுகளை வாங்கி அழிந்த படங்களை மீட்கும் ஃபோட்டோரெக் கொண்டு இரண்டு ராத்திரி தோண்டினேன். இரண்டு கல்யாணம் கிடைத்தது. மற்ற இரண்டின் மேல் அவர் வேறு படங்களை எடுத்துவிட்டிருந்தார். அந்த இரண்டு வீட்டாருக்கும் அவர் என்ன பதில் சொன்னார் என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தைரியம் இல்லை. அவர் என்னைத் திட்டவும் இல்லை. வைரஸ் எங்கிருந்து வந்தது என்று நான் அவரிடம் சொல்லவே இல்லையே.

அந்தப் பாதியை மீட்டுக் கொடுத்த ஃபோட்டோரெக் ஒரு கட்டற்ற மென்பொருள். நம் பிழைப்பே இப்படிப்பட்டவற்றால்தான் ஓடுகிறது. பூட் பென்டிரைவ் செய்யும் ரூஃபஸ், வென்டாய், பார்ட்டிஷன் பிரிக்கும் ஜிபார்ட்டெட், டிஸ்க்கை அப்படியே படியெடுக்கும் குளோன்சில்லா. நமக்கென்று வரும்போது நல்லதைத் தேடி வைத்துக்கொள்கிறோம். வாடிக்கையாளருக்குக் கிராக்கைக் கொடுக்கிறோம்.

ஆங்கிலத்தில் ‘ஃப்ரீ’ என்ற ஒரே சொல் காசில்லாததற்கும் கட்டில்லாததற்கும் வருவதால் அவர்கள் விளக்கிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. நமக்கு இலவசம் வேறு, கட்டற்றது வேறு. 1983இல் அமெரிக்க நிரலாளர் ரிச்சர்ட் ஸ்டால்மன் குனூ என்ற கட்டற்ற மென்பொருள் திட்டத்தை அறிவித்தபோது கேட்டது இரண்டாவதை. எந்த வேலைக்கும் ஓட்டலாம், உள்ளே எப்படி எழுதியிருக்கிறது என்று பார்க்கலாம், படியெடுத்துக் கொடுக்கலாம், மாற்றியும் கொடுக்கலாம். கடைக்காரன் மொழியில் சொன்னால், நூறு கம்ப்யூட்டரில் போடலாம், போட்ட ஒவ்வொன்றுக்கும் கூலி வாங்கலாம், ஒருவரும் வந்து கேட்க முடியாது. கிராக்கில் அப்படியா? பதிப்புரிமைச் சட்டம் 1957இன் 63பி பிரிவு, திருட்டுப் படி என்று தெரிந்தே கம்ப்யூட்டரில் பயன்படுத்துகிறவருக்கு ஏழு நாள் முதல் மூன்று வருஷம் வரை சிறையும், 50,000 முதல் இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமும் சொல்கிறது. ‘தெரிந்தே’ என்ற சொல்லைக் கவனியுங்கள். வாத்தியாருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

இன்னொரு கூத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கம்பெனியிலிருந்தே விண்டோஸோடு வந்த லேப்டாப்புகளில், விண்டோஸ் 8 காலம் முதல், கீ மதர்போர்டிலேயே பதிந்திருக்கும். அதே ஹோம் பதிப்பைத் திரும்பப் போட்டு நெட்டில் இணைத்தால் தானாக ஆக்டிவேட் ஆகிவிடும். நாம் என்ன செய்கிறோம்? காசு கொடுத்து வாங்கிய ஒரிஜினலை அழித்துவிட்டு, ‘புரோ போட்டிருக்கேன்’ என்று பெருமையாகக் கிராக்கைப் போட்டுக் கொடுக்கிறோம். சொந்த வீட்டுக்காரரை வெளியேற்றி அதே வீட்டில் கள்ளக் குடியேற்றம்.

இதையெல்லாம் இப்போது எழுத ஒரு காரணம் உண்டு. 2025 அக்டோபர் 14ஆம் தேதி விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 வேண்டுமென்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை பிராசசராவது வேண்டும். என் மேசைக்கு வருபவற்றில் ஆறாம், ஏழாம் தலைமுறைகள் நிறைய. கீபோர்டு பளபளக்கிறது, திரையில் கீறல் இல்லை, ஆனால் ‘பழசு’. இரண்டு வழிகளைத்தான் நாம் சொல்கிறோம். ஒன்று, புதுசு வாங்குங்க. இரண்டு, சோதனையை ஏமாற்றி 11ஐ ஏற்றிவிடுகிறேன். இரண்டாவது ஓடும், மறுக்கவில்லை. நாளைக்கு அப்டேட் வராமல் போனால் பொறுப்பு யாருக்கு?

மூன்றாவது வழி லினக்ஸ் மின்ட், விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய கட்டற்ற இயங்குதளம் (ஓஎஸ்). பெயரைக் கேட்டதும் கறுப்புத் திரையும் கட்டளைகளும் நினைவுக்கு வந்தால், அது நாம் பத்து வருஷம் முன்பு பார்த்தது. மின்ட்டில் இடது மூலையில் மெனு, கீழே பட்டை, வலது ஓரத்தில் கடிகாரம். விண்டோஸ் 7 பழகியவருக்கு அரைமணி நேரம் போதும். 22ஆம் பதிப்புக்கு 2029 வரை அப்டேட் உண்டு. ராம் 4 ஜிபி என்றால் அதன் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ வகையைப் போடுங்கள். பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வேகமான எஸ்எஸ்டி ஒன்று மாட்டினால் வாடிக்கையாளர் இது என்னுடையதுதானா என்று கேட்பார். நிறுவும் முன் பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம்: ஒலி வருகிறதா, வைஃபை பிடிக்கிறதா, பிரிண்டர் தெரிகிறதா. சில பழைய வைஃபை கார்டுகள் அடம்பிடிக்கும். மொபைலை யுஎஸ்பி வயரில் கட்டி நெட் கொடுத்து டிரைவரை இறக்கினால் பெரும்பாலும் வழிக்கு வந்துவிடும்.

ஆனால் லினக்ஸிலிருந்து தொடங்காதீர்கள். நான் அப்படித் தொடங்கித் தோற்றவன். முதலில் இருக்கிற விண்டோஸிலேயே மென்பொருளை மாற்றுங்கள். கை பழகிய பிறகு கீழே இருக்கும் ஓஎஸ் எது என்று பாதிப் பேர் கவனிப்பதே இல்லை.

எம்எஸ் ஆபீஸுக்குப் பதிலான லிப்ரே ஆபீஸை எடுத்துக்கொள்ளுங்கள். 2010இல் ஓப்பன் ஆபீஸிலிருந்து பிரிந்து வந்தது. நிறையப் பேர் போட்டுப் பார்த்து, ‘வேர்டு மாதிரி இல்லை’ என்று மறுநாளே திரும்பி வருவார்கள். தப்பு மென்பொருளில் இல்லை. நாம் நிறுவிவிட்டு அப்படியே கொடுத்துவிடுகிறோம். ஐந்து நிமிஷ வேலை மூன்று இருக்கிறது. காட்சி மெனுவில் பயனர் இடைமுகத்தைத் தாவல் வகைக்கு மாற்றினால் வேர்டு பழகியவர் கண்ணுக்கு இணங்கும். சேமிக்கும் வடிவத்தை வேர்டின் டாக்எக்ஸ் என்று வைத்துவிடுங்கள். பிரவுசிங் சென்டரில் கொண்டுபோய்த் திறக்கும்போது சிக்கல் குறையும். எழுத்துரு விஷயம் மூன்றாவது. கேலிப்ரி இல்லாத கம்ப்யூட்டரில் அதே அகலம் கொண்ட கார்லிட்டோ தானாக வந்து உட்காரும், டைம்ஸுக்குப் பதில் லிபரேஷன் செரிஃப். வரி உடைவது பெரும்பாலும் அப்படியே இருக்கும். மேக்ரோ நிறைந்த எக்செல் கோப்பு என்றால் மட்டும் முன்கூட்டியே திறந்து சோதித்துவிட்டுக் கொடுங்கள். மாவட்டத்தில் எத்தனை வீடுகளில் எக்செல் மேக்ரோ எழுதுகிறார்கள்? பயோடேட்டா, லீவ் லெட்டர், சீட்டுக் கணக்கு. அதற்கு இது தாராளம்.

மற்றவை சுருக்கமாக. வீடியோ ஓட்டும் விஎல்சியை ஏற்கெனவே எல்லோருக்கும் போடுகிறோம். பாரிஸில் ஒரு பொறியியல் கல்லூரி மாணவர்கள் தொடங்கியது அது, கட்டற்றது என்று தெரியாமலே போடுகிறோம். கோப்புகளைச் சுருக்கும் வின்ராரின் நாற்பது நாள் சோதனைக் காலம் நம் ஊரில் பதினைந்து வருஷமாக முடியாமல் நீடிக்கிறது. 7-ஜிப் போட்டால் அந்த வெட்கம் இல்லை. ஸ்டுடியோவில் பாட்டு வெட்ட ஆடாசிட்டி, திருமண வீடியோவுக்கு கேடென்லைவ் அல்லது ஷாட்கட், ஆன்லைன் டியூஷன் எடுக்கும் டீச்சர் திரையைப் பதிவு செய்ய ஓபிஎஸ், சின்னப் பிள்ளைகளுக்கு ஜிகாம்ப்ரி. பாஸ்போர்ட் சைஸ் போட்டோவுக்கு ஜிம்ப் போதும். 2025 மார்ச்சில் வந்த 3.0 பதிப்பில் ஃபில்டரைப் போட்ட பிறகும் திரும்பிப் போய்த் திருத்த முடிகிறது. அச்சுக்கான நான்கு வண்ண (சிஎம்ஒய்கே) வேலையில் அது இன்னும் போட்டோஷாப்புக்குப் பின்னால்தான். ஃப்ளெக்ஸ் கடைக்காரரிடம் அதை மறைக்க வேண்டாம்.

டிடிபி வைத்திருப்பவர்களே, உங்களிடம் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் இங்கேதான் நம் மொழியும் மாட்டிக்கொண்டு கிடக்கிறது. பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு வந்தது 2001இல். எந்தக் கம்ப்யூட்டரிலும் தமிழைத் தமிழாகவே வைத்திருக்கும் பொது எழுத்துக் குறியீடான யுனிகோடு அதற்குத் தெரியாது. கொடை நோட்டீஸ், ஆலயத் திருவிழா அழைப்பிதழ், நினைவஞ்சலி எல்லாம் இன்றும் அதில் பழைய எழுத்துருவில் அடிக்கிறோம். திரையில் ‘அ’ தெரிகிறது. உள்ளே கிடப்பது ஏதோ ஓர் ஆங்கில எழுத்து. எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் சுடலைமாடன் கொடை வெறும் ஆங்கிலக் குப்பையாக நிற்கிறது. போன வருஷ நோட்டீஸை வாட்ஸாப்பில் எழுத்தாக அனுப்பச் சொன்னார் ஒரு விழாக் கமிட்டிக்காரர். முடியவில்லை. அவர் பேத்தி நோட்டீஸை முன்னால் வைத்துக்கொண்டு போனில் முழுசாகத் திரும்ப அடித்தாள். காசு கொடுத்து அடிக்க வைத்த தமிழ் அது! தமிழக அரசு யுனிகோடைத் தரமாக ஏற்றது 2010இல். நோட்டீஸ் கடைக்கு அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை.

இங்க்ஸ்கேப் என்ற கட்டற்ற வரைகலை மென்பொருளில் யுனிகோடு தமிழ் கொம்பும் காலும் இடம் மாறாமல் நிற்கிறது. ஒரு பக்க நோட்டீஸுக்கும் விசிட்டிங் கார்டுக்கும் அது போதும். பல பக்கம் என்றால் பேஜ்மேக்கர் வேலையைச் செய்யும் ஸ்க்ரைபஸ். அதன் பழைய 1.4 பதிப்பில் தமிழைப் போட்டுக் கையைச் சுட்டுக்கொண்டவர்கள் உண்டு, நானும்தான். 2024 ஜனவரியில் வந்த 1.6ல் அந்தக் குறை இல்லை, சிஎம்ஒய்கே பிடிஎஃப்பும் வரும். எழுத்துருக்களுக்குப் பஞ்சமில்லை: நோட்டோ, முக்தா மலர், கவிவனார், பவனம். மீரா இனிமை என்று ஒன்று. அழகான அந்தத் தமிழ் எழுத்துருவை உருவாக்கியது சுதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் என்னும் கேரளக் குழு. எல்லாம் திறந்த உரிமத்தில். விண்டோஸில் அடிக்க இ-கலப்பை அல்லது கீமேன், மின்ட்டில் ஐபஸ். தமிழ்99 விசைப்பலகை அமைப்பு இருக்கிறது, டைப்ரைட்டிங் லோயர், ஹையர் பாஸான அக்காமார்களுக்குப் பழைய டைப்ரைட்டர் அமைப்பும் இருக்கிறது, விரலை மாற்ற வேண்டாம்.

பேஜ்மேக்கரில் பத்து நிமிஷத்தில் முடிக்கும் வேலை ஸ்க்ரைபஸில் முதல் வாரம் ஒரு மணி நேரம் பிடிக்கும். அதனால் சித்திரை, வைகாசி கொடை சீசனில் மாற்றாதீர்கள். ஆடி மாதம் கல்யாண வேலை குறையும்போது தொடங்குங்கள். பழைய கோப்புகளை அப்படியே வைத்துவிட்டு, புதிதாக வருவதை மட்டும் யுனிகோடில் அடியுங்கள்.

எங்கே போடக்கூடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். திங்கள்சந்தையில் மொத்த வியாபாரம் செய்கிறவர் டாலியில் கணக்கு வைத்திருந்தால் அவர் விண்டோஸிலேயே இருக்கட்டும், உரிமம் வாங்கித் தாருங்கள். டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் செருகும் ஆடிட்டர் ஆபீஸும் அப்படியே. நம் கடைகளில் அதிகம் ஓடும் சில பழைய சின்ன லேசர் பிரிண்டர்களை லினக்ஸில் பேச வைப்பதற்குள் வேர்த்துவிடும். பிரிண்டரைப் பார்க்காமல் வாக்குக் கொடுக்காதீர்கள். ‘எல்லாம் நடக்கும்’ என்று சொல்லிப் போட்டு, மறுநாள் நடக்காமல் போனால், அவர் மறுபடி வாழ்நாளில் அதைத் தொட மாட்டார்.

என் முதல் தோல்வி அப்படித்தான் நடந்தது. அதைவிடப் பெரிய தோல்வி நாம் எல்லோரும் சேர்ந்து செய்தது. 2011இல் தொடங்கிய அரசு லேப்டாப்களில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. மத்திய அரசின் சி-டாக் உருவாக்கியது. பிளஸ் டூ பிள்ளைகள் வாங்கிய கையோடு நம் கடைக்குக் கொண்டு வந்தார்கள். “இது என்னத்துக்கு, இடம்தான் அடைக்குது” என்று அழித்துக் கொடுத்தோம். நான் அழித்தது மட்டும் நூறுக்கு மேல் இருக்கும். ஒரு பிள்ளையிடமாவது, ‘இதைத் திறந்து பாத்தியா மக்கா?’ என்று கேட்டதில்லை.

களியக்காவிளை தாண்டினால் கதை வேறு. கேரளத்தில் 2001இல் ஐடி அட் ஸ்கூல் என்று தொடங்கி, 2017இல் கைட் ஆன அமைப்பு, பள்ளிக்கூடங்களில் உபுண்டுவிலிருந்து செய்த லினக்ஸைத்தான் ஓட்டுகிறது. பத்தாம் வகுப்பு ஐடி தேர்வுகூட அதில்தான். பாறசாலையில் கட்டிக்கொடுத்த என் சித்தப்பா மகளின் பிள்ளை ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். ஓணம் லீவுக்கு வந்தபோது கடை மேசையில் மின்ட் ஓடிக்கொண்டிருந்தது. ஒருவரும் சொல்லிக்கொடுக்கவில்லை, உட்கார்ந்து இங்க்ஸ்கேப்பைத் திறந்து ஒரு பூக்கோலம் வரைந்துவிட்டுப் போனாள். “இது எங்க ஸ்கூல்ல உள்ளதுதானே மாமா” என்றாள். எல்லைக்கு அந்தப் பக்கம் பிள்ளைக்கு அது பாடம். இந்தப் பக்கம் நாம் அதை ‘கஷ்டம்’ என்று சொல்லி விற்காமல் வைத்திருக்கிறோம்.

உங்கள் மனசில் ஓடுவது எனக்குக் கேட்கிறது. ஆறு மாசத்துக்கு ஒரு ஃபார்மேட் இல்லையென்றால் கடை வாடகை எங்கிருந்து வரும்? நியாயமான கேள்வி. என் அனுபவத்தைச் சொல்கிறேன், கணக்கை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள். ஃபார்மேட் குறைந்தது உண்மை. எஸ்எஸ்டி, ராம் மாற்றும் வேலை கூடியது, ஏனென்றால் ‘பழசு’ என்று மூலையில் போட்டிருந்ததையெல்லாம் இப்போது தூக்கிக்கொண்டு வருகிறார்கள். பேக்கப் எடுத்துக் கொடுப்பதற்கும், ஒரு மணி நேரம் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுப்பதற்கும் தனியாகக் கூலி கேட்கிறேன், தருகிறார்கள். முன்பு மென்பொருளுக்கு வாங்குவதுபோல் நடித்து வாங்கிய காசு, இப்போது வேலைக்கு என்று சொல்லியே வாங்குகிற காசு.

அந்த வாத்தியாரை இரண்டு வாரம் கழித்து நானே கூப்பிட்டேன். போட்டது என்ன என்று சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். “அப்ப மாத்திக் குடும்” என்று மட்டும் சொன்னார், ‘ங்க’ போய்விட்டது. மாற்றிவிட்டு புது பில் எழுதினேன். லினக்ஸ் மின்ட் 22 – 0. லிப்ரே ஆபீஸ் – 0. ஃபயர்ஃபாக்ஸ் – 0. விஎல்சி – 0. ஜிம்ப் – 0. இ-மெயில், போட்டோ பேக்கப் – 300. நிறுவியதும் சொல்லிக்கொடுத்ததும் – 500. பழைய 700ஐக் கழித்து 100 ரூபாய் வாங்கினேன். ஒவ்வொரு வரியாகப் படித்தார். “இந்த ஜிம்ப் எதுக்கு? எனக்குப் படம் வரைய வராதே” என்றார். அடித்துவிட்டேன்.

உங்களிடம் நான் கேட்பது இவ்வளவே: போட்டதையெல்லாம் பெயர் சொல்லி பில்லில் எழுதுங்கள். விண்டோஸ் போட்டால் உரிமம் யாருடையது என்று எழுதுங்கள். எழுத முடியாத ஒன்று பென்டிரைவில் இருந்தால் அதை என்ன செய்வது என்று பேனா பிடிக்கும்போது உங்களுக்கே தெரியும்.

தனியாகப் பழகக் கஷ்டமாக இருந்தால் வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்கு மேல் என் கடை ஷட்டர் பாதி இறங்கியிருக்கும், உள்ளேதான் இருப்பேன், தட்டுங்கள். 32 ஜிபி பென்டிரைவ் ஒன்று கொண்டு வாருங்கள். மின்ட் இரண்டு வகையும் விண்டோஸுக்கான மேற்சொன்ன மென்பொருள்களும் அதில் அடங்கும். அடம்பிடிக்கிற பிரிண்டர் இருந்தால் அதையும் தூக்கிக்கொண்டு வாருங்கள், சேர்ந்து பார்ப்போம்.

இப்படிக்கு,
தக்கலையிலிருந்து உங்களில் ஒருவன்